கருமாதிக்குப் பின் வந்தவன்

படவேட்டம்மன் துணை

பனங்காட்டேரி,
3-10-1971

தம்பி கோவிந்தராஜுக்கு அக்கா பொன்னம்மா எழுதுவது. நானும் ஜெயமணியும் கறவை மாடும் இங்கே நன்றாக இருக்கிறோம். நீ எப்படி இருக்கிறாய் என்பதைக் கப்பல் வந்தால்தான் தெரிந்துகொள்ள முடிகிறது. போன கப்பலில் உன் கடிதம் இல்லை. கால்வலியா, சோம்பலா? வலி என்றால் வேப்பெண்ணெய் அனுப்புகிறேன். சோம்பல் என்றால் நேரில் வா, திட்டுகிறேன்.

நேரில் வரவேண்டிய காரியமும் வந்திருக்கிறது. ஜெயமணிக்கு இடம் கூடியிருக்கிறது. பையன் பெயர் பன்னீர்செல்வம், ஆரணியில் ஆரம்பப்பள்ளி வாத்தியார். அவன் அப்பா திருநாவுக்கரசு, பட்டாளத்தில் ஹவில்தாராக இருந்து பென்ஷனில் வந்தவர். பேச்சு குறைவு. வீட்டுக்குள் வருமுன் செருப்பைக் கழற்றி, இரண்டையும் ஒரே கோட்டில் வைத்துவிட்டு வந்தார். அதைப் பார்த்ததும் எனக்கு உன் ஞாபகம் வந்து கண் கலங்கிவிட்டது.

உன் மாமா, இவள் அப்பா, போய் மூன்று வருஷமாகிறது. அதற்குள் இரண்டு இடம் வந்து தட்டிப்போனது உனக்குத் தெரியும். இதுவும் போனால் இந்தப் பெண்ணை நான் எங்கே கொண்டுபோய் நிறுத்துவேன்? தை பதினான்கு, வெள்ளிக்கிழமை, மாப்பிள்ளை வீட்டில் முகூர்த்தம். பெண் நெற்றியில் பட்டம் கட்டவேண்டியது தாய்மாமன். அவளுக்கு உன்னை விட்டால் வேறு மாமன் கிடையாது. லீவுக்கு இப்போதே எழுதிப் போடு. உன்னைப் பற்றி அவர்கள் இன்னும் விசாரிக்கவில்லை. கார்த்திகையில் நிச்சயத்துக்கு வரும்போது பேச்சு வரும், சொல்லிக்கொள்கிறேன்.

வேளைக்குச் சாப்பிடு.

உன் அக்கா,
பொன்னம்மா


ஹேடோ, போர்ட் பிளேர்,
26-10-1971

அக்காவுக்குக் கோவிந்தராஜ். உடம்பு சுகம், கால் சுகம், திட்ட வேண்டாம். மழையில் பெரார்கஞ்ச் போகிற டெலிபோன் லைனில் வரிசையாக மரம் விழுந்து, பதினோரு நாள் அங்கேயே தங்கிக் கம்பம் நட்டோம். அதனால்தான் எழுதவில்லை. உங்கள் மூவருக்கும், மாட்டையும் சேர்த்துத்தான், சுகம் கோருகிறேன்.

நான் கிளம்பியபோது ஜெயமணிக்குப் பத்து வயது. அவளுக்குக் கல்யாணம் என்று படித்துவிட்டுத் தனியாக உட்கார்ந்து சிரித்தேன். லீவு எழுதிக் கொடுத்தாயிற்று. ஜனவரி பதினான்காம் தேதி கப்பல். என்கூட லைனில் வேலை செய்கிற பெரார்கஞ்ச் கண்ணையா, படாக் மரத்தில் நகைப்பெட்டி செய்து தருகிறார். சிவப்பு மரம், மெருகு போட்டால் முகம் தெரியும்.

ஒன்று கேட்கிறேன். சம்பந்தி பட்டாளத்துக்காரர் என்கிறாய். அவர் என்னைப் பார்த்ததும் எந்த வருஷம் சேர்ந்தாய், எங்கே இருந்தாய், ஏன் வந்துவிட்டாய் என்று கேட்பார். அதற்கு முன் நீயே சொல்லிவிடு. அறுபத்திரண்டில் சீனாக்காரனிடம் பிடிபட்டேன், மாதக்கணக்கில் அவர்கள் முகாமில் இருந்தேன் என்று சொல். காணவில்லை என்று தந்தி வந்ததும் அப்பா அவசரப்பட்டுக் கருமாதி செய்தார், ஊர் கூடிப் பள்ளிக்கூட வாசலில் என் பெயரை வெட்டிக் கல் நட்டது, அதற்குப் பிறகு நான் பஸ்ஸை விட்டு இறங்கினேன் என்று சொல்.

இறங்கிய அன்று உனக்கு நினைவிருக்கும். ரயில் ஏற்றும்போது மாலை போட்ட அதே ஊர்தான். டீக்கடையில் ஒருவன் இரண்டு கையையும் தலைக்குமேல் தூக்கிக் காட்டினான், மற்றவர்கள் சிரித்தார்கள். மறுநாளே கல்லின்மேல் சுண்ணாம்பு பூசினார்கள். எனக்குப் பேசியிருந்த பெண் வீட்டில், "கருமாதி முடிஞ்சு வந்தவனுக்கா பொண்ணு?" என்று பாக்கைத் திருப்பிக் கொடுத்தார்கள். நான் செத்திருந்தால் அவர்களுக்கு நிம்மதியாக இருந்திருக்கும். ஒரு வருஷம் தாங்கிப் பார்த்துவிட்டுத்தான் கப்பல் ஏறினேன்.

இங்கே யாருக்கும் எதுவும் தெரியாது. நான் மறைக்கவில்லை, யாரும் கேட்கவில்லை. அந்தக் காலத்தில் கைதியாக வந்தவர்களின் பேரப்பிள்ளைகள் கண்ணையா போன்றவர்கள். இந்தத் தீவுக்கு எதற்காக வந்தாய் என்று ஒருவரை ஒருவர் கேட்பதில்லை என்பது அவர்கள் வீடுகளில் வழக்கமாகவே இருக்கிறது. ஏழு வருஷமாக அந்த வழக்கத்தின் நிழலில்தான் இருக்கிறேன்.

ஆனால் ஆரணிக்காரருக்குத் தெரியவேண்டும். தெரிந்து, சரி என்றால்தான் நான் மேடை ஏறுவேன். மறக்காமல் பதில் எழுது.

தம்பி,
கோவிந்தராஜ்


படவேட்டம்மன் துணை

பனங்காட்டேரி,
21-11-1971

தம்பிக்கு அக்கா. இங்கே எல்லாரும் சுகம். நிச்சயம் நல்லபடியாக முடிந்தது. தட்டு மாற்றினோம். ஜெயமணி உன்னைக் கேட்டாள்.

கார்த்திகை மார்கழியில் கடல் பொல்லாதது என்று சொல்கிறார்கள். போன தடவை கப்பலில் நீ மூன்று நாள் எழுந்திருக்கவில்லை என்று எழுதியிருந்தாய். உன் கால் வேறு அப்படி. லீவு கிடைப்பது சிரமமாக இருந்தால் மேலதிகாரியிடம் போய்க் கெஞ்ச வேண்டாம். கல்யாணம் முடிந்து சித்திரையில் நிதானமாக வந்தாலும் வரலாம், பெண்ணும் மாப்பிள்ளையும் இங்கேதான் இருப்பார்கள்.

பள்ளிக்கூடத்துக்கு வெள்ளையடிக்கிறார்கள். கடலைக்கு மழை போதவில்லை. வேறு விசேஷம் இல்லை. வேளைக்குச் சாப்பிடு.

அக்கா,
பொன்னம்மா


ஹேடோ,
20-12-1971

அக்காவுக்குக் கோவிந்தராஜ். நான் சுகம். யுத்தம் வந்ததும் நீ பயந்திருப்பாய். இங்கே ஒன்றும் ஆகவில்லை. இரண்டு வாரம் ஊர் முழுக்க விளக்கை அணைத்து வைத்திருந்தோம். லைன் எதுவும் சாகக் கூடாது என்று எங்களுக்குத் தூக்கமில்லை, அவ்வளவுதான்.

உன் கடிதத்தை நான்கு தடவை படித்தேன். நான் கேட்டதற்கு அதில் பதில் இல்லை. லீவு கிடைக்கவில்லை என்று நான் எப்போது எழுதினேன்?

அது இருக்கட்டும். வியாழக்கிழமை சாயங்காலம் டெய்ரி ஃபார்ம் என்கிற இடத்தில் ஒரு டீக்கடை ரேடியோவைச் சுற்றி ஐம்பது பேர் நின்றோம். தமிழர், வங்காளி, தெலுங்கர், எல்லாரும். டாக்காவில் பாகிஸ்தான் பட்டாளம் சரணடைந்தது என்று செய்தி வந்தது. கடைக்காரர் எல்லாருக்கும் டீ இலவசம் என்றார். கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். எனக்கும் சந்தோஷம்தான், நான் என்ன நாட்டுக்கு விரோதியா? அப்போது ஒருவன் பெஞ்சுமேல் ஏறி இரண்டு கையையும் தலைக்குமேல் தூக்கி, முகத்தைக் கோணலாக்கிக் காட்டினான். ஐம்பது பேரும் சிரித்தார்கள். நம் ஊர் டீக்கடையே கடல் தாண்டி வந்த மாதிரி இருந்தது.

"நானும் கையைத் தூக்கினவன்தான். சீனாக்காரன் முன்னாடி. சிரிக்கணும்னா இப்படிப் பாத்துச் சிரிங்க" என்றேன். தமிழில் சொல்லிவிட்டு, எல்லாருக்கும் புரியட்டும் என்று இந்தியிலும் சொன்னேன். ஷூவைக் கழற்றி, விரல் போன அந்தக் காலைக் காட்டவும் செய்தேன்.

கண்ணையா நகர்ந்து இடம்விட்டு, "பைட்டோ பாய், உக்காரு. சாய் ஆறிப்போவுது" என்றார். பெஞ்சுமேல் நின்றவன் இறங்கி வந்து என் கிளாஸை எடுத்துக் கொடுத்தான். திரும்பி நடக்கும்போது கண்ணையா சொன்னார்: "ஏழு வருஷமா கூடக் கம்பம் ஏறுறேன். நீ ஷூவோட குளிக்கறதப் பாத்திருக்கேன். குச் ஹோகா, என்னமோ இருக்கும்னு விட்டுட்டேன். எங்க தாத்தா ஒரு ஆளை வெட்டிட்டு வந்தவர்னு சர்க்கார் காகிதத்துல இருக்கு. அதையும் இங்க ஒருத்தனும் கேட்டதில்ல."

அன்று இரவு நன்றாகத் தூங்கினேன். இனி ஆரணிக்காரர் முன்னாலும் நிற்க முடியும். என்ன சொல்லி வைத்திருக்கிறாய் என்று மட்டும் எழுது. டிக்கெட் வாங்கிவிட்டேன்.

கோவிந்தராஜ்


பனங்காட்டேரி,
22-12-1971

தம்பி, நீ சுகமாக இருக்கவேண்டும் என்று அம்மனை வேண்டிக்கொண்டு எழுதுகிறேன். இதைப் படித்துவிட்டு நீ என்னைத் திட்டினாலும் கேட்டுக்கொள்கிறேன்.

யுத்தத்தில் ஜெயித்ததும் ஊரே மாறிவிட்டது. பிரசிடென்ட் இராமகிருஷ்ணன் நான்கு பேரைக் கூட்டிக்கொண்டு போய், கல்லின்மேல் இருந்த சுண்ணாம்பைக் கத்தியால் சுரண்டினார். '1962 சீனப் போரில் வீரமரணம் எய்திய கோவிந்தராஜ்' என்று எழுத்து அப்படியே இருக்கிறது. மாலை போட்டுத் தேங்காய் உடைத்தார்கள். பள்ளிக்கூடப் பிள்ளைகள் போகும்போதும் வரும்போதும் சல்யூட் அடிக்கிறார்கள். குடியரசு தினத்துக்குத் தாசில்தார் வந்து கல்லைப் பார்க்கப் போகிறாராம். "உயிரோடதானே இருக்கான்?" என்று கேட்டேன். "அது ஊருக்குள்ள இருக்கட்டும், பொன்னம்மா. நம்ம ஊருக்கும் ஒரு பேரு வேணும்ல" என்றார்.

இன்னும் சொல்லவேண்டியது இருக்கிறது. நிச்சயத்துக்கு வந்தபோது சம்பந்தி சுவரில் உன் யூனிஃபார்ம் படத்தைப் பார்த்து நின்றார். "இவரு?" என்றார். "பொண்ணோட மாமன், சைனாப் போர்ல" என்று தரகர் பாதியில் நிறுத்தினார். சம்பந்தி படத்துக்கு முன் விறைப்பாக நின்று சல்யூட் அடித்தார். அவர் கண்ணில் தண்ணீர். தம்பி, நான் பொய் சொல்லவில்லை. வாயைத் திறக்கவில்லை.

எப்படித் திறப்பேன்? முந்தின இரண்டு இடமும் ஏன் போனது என்று உன்னிடம் நான் சொன்னதே இல்லை. "கருமாதி முடிஞ்சு வந்தவன் கையால பட்டம் கட்டினா விளங்குமா?" என்று கேட்டுவிட்டுத்தான் போனார்கள். உன்னால்தான் என்று எழுத எனக்கு மனம் வரவில்லை. இப்போது அதே உன்னால் ஒரு நல்ல இடம் வந்திருக்கிறது. கல்யாணத்தன்று உன் படத்தை மேடைக்குப் பக்கத்தில் வைக்கவேண்டும் என்று சம்பந்தியே கேட்டு வாங்கிப் போயிருக்கிறார். அவருக்குப் பொய் பிடிக்காது, பெற்ற மகனையே ஒரு பொய்க்காக ஆறு மாதம் பேசாமல் வைத்திருந்தவராம்.

நீ வராதே. இந்த ஒரு தடவை வராதே. உன் காலில் விழுந்து கேட்கிறேன்.

பாவி அக்கா


ஹேடோ,
7-1-1972

அக்காவுக்கு.

கடிதம் கிடைத்தது. நீங்கள் சுகமாக இருங்கள்.

டாக்காவில் கையைத் தூக்கியவனும் ஒரு நாள் அவன் வீட்டுக்குப் போவான். அவன் அக்கா கதவைத் திறப்பாளா என்று இரண்டு நாளாக யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

பெட்டி தயாராகிவிட்டது. மூடியின் உள்பக்கம் கண்ணையா ஜெயமணியின் பெயரைச் செதுக்கியிருக்கிறார். டிக்கெட் என் சட்டைப்பையில் இருக்கிறது. கப்பல் வெள்ளிக்கிழமை. ஏறுவேனா என்று கேட்காதே, எனக்கே தெரியாது. கோபம் வருகிறது, அதற்குமேல் எழுத வரவில்லை.

கோவிந்தராஜ்


தந்தி
12-1-1972

கோவிந்தராஜ், லைன்மேன், ஹேடோ, போர்ட் பிளேர்.
புறப்படாதே. அக்கா.


ஹேடோ,
19-2-1972

அக்காவுக்கு. திரும்பி வந்து சேர்ந்துவிட்டேன். மற்ற சுகம் விசாரிக்க மனம் இல்லை.

உன் தந்தி கைக்கு வந்த பிறகுதான் கப்பல் ஏறினேன். உண்மையை உடைத்து ரகளை செய்யவேண்டும் என்றுதான் ஆரணியில் இறங்கினேன். பந்தல் வாசலில் திருநாவுக்கரசு நின்றுகொண்டிருந்தார். உள்ளே, மேடைக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலி, அதன்மேல் என் படம், சாமந்தி மாலை, ஊதுவத்தி. இருபத்துமூன்று வயதில் நான் அவ்வளவு அழகாக இருந்தேன் என்பது எனக்கே மறந்துபோயிருந்தது.

"நீங்க யாரு, எங்கேர்ந்து வரீங்க?" என்று கேட்டார்.

படத்துக்கு அந்தப் பக்கம் ஜெயமணி நின்றாள். என்னைப் பார்த்துவிட்டாள். அவள் முகம் வெளுத்துவிட்டது. அதைப் பார்த்ததும் சொல்ல வந்ததை விழுங்கிவிட்டேன். "அந்தமான்லேர்ந்துங்க. கோவிந்தராஜோட பட்டாளத்துல ஒண்ணா இருந்தவன். அவன் அக்கா பொண்ணு கல்யாணம்னு கேள்விப்பட்டு வந்தேன்" என்றேன்.

அவர் என்னை நிறைய நேரம் பார்த்தார். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டார். "தாய்மாமன் இல்லாத பொண்ணு. பட்டம் கட்ட அவங்க சொந்தத்துல ஒருத்தரைச் சொல்லியிருந்தோம். நீங்க வந்துட்டீங்க, நீங்களே கட்டுங்க" என்றார்.

இப்படித்தான், அக்கா, எனக்குப் பதிலாக நானே மேடை ஏறினேன். ஷூவைக் கழற்றவேண்டியிருந்தது. ஜரிகைப் பட்டத்தை நெற்றியில் வைத்து முடிச்சுப் போடும்போது விரல் வழுக்கியது. அவள் குனிந்து காலைத் தொட்டாள், விரல் இல்லாத இடத்தில் கையை வைத்து எடுக்காமல் இருந்தாள்.

நம் ஊரிலிருந்து ஒரு பஸ் நிறைய வந்திருந்தார்கள். அத்தனை பேருக்கும் என்னைத் தெரியும். ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. அன்றைக்கு டீக்கடையில் கையைத் தூக்கிக் காட்டினானே, அவன்தான் என் இலைக்குப் பாயசம் ஊற்றினான். "இன்னும் கொஞ்சம் போடட்டுங்களா?" என்று மரியாதையாகக் கேட்டான். நீ தூணுக்குப் பின்னால் நின்றாய். நான் கிளம்பும்வரை அந்தத் தூணை விட்டு வரவில்லை.

இந்த ஒன்பது வருஷத்தில், அன்று அங்கே என்ன நடந்தது என்று நீ ஒரு தடவைகூட என்னைக் கேட்டதில்லை. இங்கே உள்ளவர்கள் கேட்காதது என் மனம் நோகக்கூடாது என்று. நீ கேட்காதது பதிலுக்குப் பயந்து. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

ஜெயமணி நன்றாக இருக்கட்டும். அவளுக்காகச் செத்துவிட்டேன், சரி. செத்தவனுக்கு இனிக் கடிதம் எழுதவேண்டாம்.

கோவிந்தராஜ்


ஆரணி,
12-3-1972

அன்புள்ள மாமாவுக்கு ஜெயமணியின் வணக்கங்கள். நான் இங்கே உடம்பால் சுகம். உங்கள் கால் எப்படி இருக்கிறது? சின்ன வயதில் அதற்கு வேப்பெண்ணெய் தடவியவள் நான்தான் என்பது உங்களுக்கு நினைவிருக்கிறதா?

அம்மாவுக்குத் தெரியாமல் எழுதுகிறேன். உங்கள் கடிதத்தை என்னிடம் காட்டிவிட்டு அம்மா நாள் முழுக்கச் சாப்பிடவில்லை.

உங்கள் படம் இங்கே கூடத்தில் மாட்டியிருக்கிறது. போன செவ்வாய்க்கிழமை மாமனார் புது மாலை வாங்கி வந்து என்னைப் போடச் சொன்னார். கையில் வாங்கிவிட்டேன், போட முடியவில்லை. "உயிரோட இருக்கறவருக்கு நான் போடமாட்டேன். எனக்குப் பட்டம் கட்டினாரே, அவர்தான் எங்க மாமா" என்று சொல்லிவிட்டேன்.

அவர் மாலையை வாங்கி ஜன்னலில் வைத்துவிட்டு வெளியே போனார். ஐந்து நாளாகிறது, வீட்டில் யாரோடும் பேச்சில்லை. தட்டில் போட்டது அப்படியே இருக்கிறது. "அப்பா பேசாம இருந்திருக்கார், இப்படிச் சாப்பிடாம இருந்து நான் பாத்ததே இல்ல" என்று உங்கள் மருமகன் பயப்படுகிறார். என் துணிகளை எடுத்துக் கட்டி வைத்திருக்கிறேன், நீங்கள் கொடுத்த பெட்டி மேலே இருக்கிறது. போ என்றால் போகவேண்டியதுதான். பயமாக இருக்கிறது, மாமா. ஆனால் சொன்னதற்கு வருத்தப்படவில்லை.

அம்மாவை வெறுக்காதீர்கள்.

உங்கள்
ஜெயமணி


ஆரணி,
2-4-1972

கோவிந்தராஜ் அவர்களுக்குத் திருநாவுக்கரசு எழுதுவது. மருமகள் சுகம். என் வீட்டில்தான் இருக்கிறாள், இனியும் இருப்பாள். இதை முதலில் எழுதிவிட்டால் மற்றதை நீங்கள் நிதானமாகப் படிக்கலாம்.

அவள் சொன்னது எனக்குப் புதுச் செய்தி இல்லை. வாசலிலேயே உங்கள் முகத்தைப் பார்த்ததும் எங்கோ இடித்தது. மேடையில் உங்கள் காலைப் பார்த்தேன். பனியில் கறுத்து விழுந்த விரல் எப்படி ஆறும் என்று எனக்குத் தெரியும். அந்தப் பெண் அதைத் தொட்ட விதத்தையும் பார்த்தேன். நாற்காலியில் இருந்த படத்தைப் பார்த்தேன். புரிந்துவிட்டது. வாயைத் திறக்கவில்லை. ஏன் என்று எழுதத்தான் இவ்வளவு நாளாயிற்று.

அறுபத்திரண்டு நவம்பரில் நானும் அங்கே இருந்தேன். ஒரு மேடு, முப்பது பேர். கீழே சத்தம் கேட்டதும் கிளம்பிவிட்டோம். உத்தரவு வந்தது என்று பிறகு சொன்னோம். வரவில்லை. கடைசியாகப் பங்கரை விட்டு வெளியே வந்தவன் நான். உள்ளே டெலிபோன் அடித்துக்கொண்டிருந்தது. எடுத்தால் இருக்கச் சொல்வார்கள் என்று எடுக்கவில்லை. பாதை வளைகிறவரை அந்த மணி கேட்டது. இப்போதும் பள்ளிக்கூட மணி அடித்தால் எனக்குக் கை குளிர்ந்துவிடுகிறது.

எங்களை யாரும் பிடிக்கவில்லை, அதனால் யாரும் எதுவும் கேட்கவில்லை. பென்ஷன் வருகிறது. டிசம்பருக்குப் பிறகு தெருவில் எழுந்து நின்று வணக்கம் சொல்கிறார்கள். குடியரசு தினத்துக்குக் கொடியேற்றக் கூப்பிட்டார்கள். போய் ஏற்றிவிட்டு வந்து, உங்கள் படத்துக்குப் பூ வாங்கினேன். நீங்கள் செத்தவராக இருந்தவரை எனக்கு அது ஆறுதலாக இருந்தது. உயிரோடு வந்து நிற்கிறீர்களோ என்று தோன்றியபோது அதற்குமேல் உங்கள் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. அதனால்தான் கையைப் பிடித்து மேடைக்கு அனுப்பினேன். தெரிந்த பிறகும் மாலை வாங்கியது, நீங்கள் செத்தவராகவே இருக்கட்டும் என்றுதான்.

படத்தைக் கழற்றிவிட்டேன். பனங்காட்டேரிக்குப் போய், கல்லில் வீரமரணம் என்பதை எடுக்கச் சொன்னேன். "தாசில்தாரே பாத்துட்டுப் போயிட்டாருங்க, இனிமே எப்படி?" என்கிறார் பிரசிடென்ட். எடுக்கவில்லை. மறுபடி போவேன். உங்கள் அக்கா என் எதிரில் நின்று அழுதார். அவரைக் குற்றம் சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை என்று சொல்லிவிட்டு வந்தேன்.

உங்களை ஒன்று கேட்கவேண்டும். அன்று உங்களுக்கு என்ன நடந்தது? இதை உங்கள் வீட்டில் யாரும் கேட்கவில்லை என்று மருமகள் சொன்னாள். எழுதலாம் என்று தோன்றினால் எழுதுங்கள்.

இப்படிக்கு,
திருநாவுக்கரசு


ஹேடோ, போர்ட் பிளேர்,
27-4-1972

சம்பந்தி அவர்களுக்குக் கோவிந்தராஜின் வணக்கம். இங்கே வெயில் அதிகம், மற்றபடி சுகம். ஜெயமணி உங்கள் வீட்டில் இருக்கிறாள் என்ற வரியைப் படித்துவிட்டு அன்று முழுக்க மேற்கொண்டு படிக்கவில்லை. அதுவே போதும் என்று இருந்தது.

முதலில் கேட்டவர் நீங்கள்தான். அதனால் எழுதுகிறேன்.

அங்கேயும் எனக்கு லைன்மேன் வேலைதான். மேலே இருந்த போஸ்ட்டுக்கு டெலிபோன் போட்டோம், எடுக்கவில்லை. கம்பி அறுந்திருக்கும், போய்ப் பார் என்றார்கள். கம்பி அறுந்தால் போனின் கைப்பிடி லேசாகச் சுற்றும். அன்று கனமாகச் சுற்றியது. அறுபடவில்லை என்று என் கைக்குத் தெரிந்தது. சொன்னேன், நம்பவில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டே பனியில் மேலே ஏறினேன். அரை நாள் ஏறினேன். ஓர் இடத்திலும் அறுபடவில்லை. கம்பி முடிகிற இடத்தில், பங்கருக்குள், நம் ஆட்கள் ஒருவரும் இல்லை. சீனாக்காரர்கள் ஆறு பேர் டெலிபோனைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். என் இரண்டு கையிலும் கம்பிதான் இருந்தது. அதை விட்டுவிட்டுக் கையைத் தூக்கினேன். நடந்தது அவ்வளவுதான்.

அது எந்த மேடு, அந்த போஸ்ட்டில் எத்தனை பேர் இருந்தார்கள் என்பதெல்லாம் எனக்கு நினைவிருக்கிறது. உங்கள் கடிதத்தையும் நன்றாகப் படித்தேன். உங்களுடையது எந்த இடம் என்று நான் கேட்கமாட்டேன். இங்கே எங்கள் வழக்கம் அது.

அடுத்த தையில் லீவு போடுகிறேன். ஆரணிக்கு வந்து உங்களோடு சாப்பிட்டுவிட்டுத்தான் ஊருக்குப் போவேன். வேப்பெண்ணெய் தீர்ந்துவிட்டது என்று அக்காவிடம் சொல்லுங்கள். கடிதம் எழுதச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
கோவிந்தராஜ்